இன்னும் ரெண்டு, கடைசிய விட்டுடலாம்

1

இந்தக் கதை ஒற்றைப் பலகையிலிருந்து வந்தது. ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு மலையடி ஊரில் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு மெழுகு தேய்த்து வயிறு வளர்க்கிறேன். போன மாதம் டீகன் கடைக்கு வந்து, ஒரே ஒரு பலகையை மேசைமேல் வைத்தாள். பனிச்சறுக்கு சொல்லித்தரும் ஆஸ்திரேலியாக்காரி. குளிர்காலம் வந்தால் இங்கேதான் இருப்பாள்.

"ஜோடி எங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"பனி உருகினாத்தான் கிடைக்கும். ஹேமிஷோடது. அவங்கம்மா ஊருக்கு எடுத்துட்டுப் போறாங்களாம். நல்லா மெழுகு போட்டுக் குடு."

ஹேமிஷ் அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவன். அதற்கு முந்தின வாரம் செத்துப்போனான். இனி ஓடாத பலகைதான். இருந்தாலும் மெழுகை உருக்கினேன்.

2

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'பிர்ச் மரங்களின் நடுவே வைகறையின் பொன்னொளி—'

அடித்துவிட்டேன். அவன் செத்த அன்று மலையில் கொட்டிய பனியில் கையை நீட்டினால் கை தெரியவில்லை.

அடுத்தது: 'ஹேமிஷ் ஒரு சாகச வீர—'

இதையும்தான். அவன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுவது அவன் வேலை. அது முடிந்ததும் மலைக்கு ஓடுவான். இந்தப் பனிக்காக ஊர், உறவு, காதலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பைத்தியங்களில் ஒருவன்.

3

மலையில் யாரும் 'கடைசி' என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்தச் சறுக்கலில்தான் கால் உடையும் என்று பயம். 'இன்னும் ரெண்டு, கடைசிய விட்டுடலாம்' என்பார்கள். ஒன்றுதான் பாக்கி என்று அதற்குப் பொருள். (நாம் 'போறேன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்கிறோமே, அந்த மாதிரிதான்.)

அன்று மேலே ஏறும் லிஃப்டில் ஹேமிஷ் பக்கத்தில் இருந்த டீகனிடம் அதைத்தான் சொன்னான்.

"இன்னும் ரெண்டு, கடைசிய விட்டுடலாம்."

"முட்டி கழண்டுபோச்சுடா. எனக்கு இதான் கடைசி."

"அடிப்பாவி, சொல்லிட்டியே! வாயக் கழுவுடி கெழவி."

"போடா. நான் போய் வெந்நீர்ல ஊறப்போறேன். நீ வேணும்னா ஒண்டியா சுத்து."

"ஒண்டியா மரத்துக்குள்ள போகாதன்னு நீதானே ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குற?"

"அப்ப போகாத."

அவள் திறந்த சரிவில் இறங்கிப் போனாள். அவன் மரங்களுக்குள் போனான். ஊசியிலை மரத்தடியில் பனிக்குள் ஒளிந்திருக்கும் குழியில் தலைகீழாக விழுந்துவிட்டான். அதில் விழுந்தவனை இன்னொரு ஆள்தான் இழுத்துப் போட வேண்டும். டீகன் அப்போது கழுத்துவரை வெந்நீரில் இருந்தாள்.

4

ஹேமிஷின் அம்மா மொய்ராவைத்தான் எனக்கு எழுத வரவில்லை. முதல் பிரதியில் அவளை அழ வைத்தேன், பொருந்தவில்லை. டீகன் சொன்னபடி பார்த்தால், மொய்ரா வந்ததும் மண்வெட்டியை எடுத்து அவர்கள் வீட்டு வாசலில் குவிந்த பனியை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படிச் செய்வாளா என்று நீங்கள் நம்பமாட்டீர்கள் என நினைத்து வெட்டினேன். பிறகு சேர்த்துவிட்டேன். நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும்.

மண்ணெண்ணெய் அடுப்புக்கு மேலே கொடியில் ஹேமிஷின் மாற்றுக் கையுறைகள் தொங்கின.

"காஞ்சிருச்சே. எடுத்துரவா?" என்றாள் மொய்ரா.

"இருக்கட்டும் மொய்ரா."

"நீ அவன் கூடவே இருந்தேன்னு போலீஸ்ல சொன்னாங்க கண்ணு. அந்த ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். அவன் தனியா கிடக்கலன்னு."

'அன்று இருவரும் சேர்ந்து மலைக்குப் போனோம்' என்றுதான் டீகன் போலீஸிடம் சொல்லியிருந்தாள். அது பொய்யில்லை. மொழி மாறி மொழி மாறிப் போனதில் அது 'கூடவே இருந்தாள்' ஆகிவிட்டது. திருத்த அவளுக்கு வாய் வரவில்லை.

5

"கடைசியா உங்கிட்ட என்ன சொன்னான்?"

'கடைசி'. மலையில் டீகன் வாயிலிருந்து வந்த அதே சொல். ஆனால் இதற்கு மட்டும் ஏறக்குறைய உண்மையே பேசலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"'இன்னும் ரெண்டு, கடைசிய விட்டுடலாம்'னான்."

மொய்ரா பனிச்சறுக்குப் பக்கமே போகாதவள். மலைக்காரர்களின் வழக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டா? அந்த ரெண்டுலயும் நீ கூடப் போனியா கண்ணு?"

டீகன் வாயைத் திறந்தா—

6

[இங்கேதான் நின்றுகொண்டிருக்கிறேன். பலகையை வாங்க வந்த டீகன் இதுவரைதான் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெளியே வண்டியில் மொய்ரா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி முழுக்கப் பனி, முகம் தெரியவில்லை.]

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

'போனேன்' என்கிறாள். மொய்ரா அன்றுதான் தூங்குகிறாள். அதன்பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைபேசியில் "எம்புள்ளைய விடாம கூடவே இருந்தவ நீ" என்கிறாள். டீகன் ஒவ்வொரு முறையும் 'ம்' கொட்டுகிறாள்.

'இல்ல' என்கிறாள். மொய்ரா எழுந்து கொடியிலிருந்து கையுறைகளை எடுக்கிறாள். "அப்ப எம்புள்ள அங்க—" [இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. முயன்றேன்.]

மே மாதம் அந்த மரத்தடியில் இன்னொரு பலகை வெளியே வரும். அதற்கும் நான்தான் மெழுகு போடுவேன். டீகன் கையால் கொடுத்தால் மொய்ரா வாங்கிக்கொள்வாளா என்பது உங்களைப் பொறுத்தது.

ஆக, இன்னும் ரெண்டு. கடைசிய விட்டுடலாம். இந்த இரண்டு முடிவுகளில் எது கடைசி என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். எதையும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.