சிவப்புக் கவுனும் மஞ்சள் கவுனும்

சித்தி சொல்லச் சொல்லச் சின்னு எழுதிக்கொண்டே போனாள். படத்தைக் குப்புறப் போடுவாள், முதுகில் பெயரையும் உறவையும் எழுதுவாள், அடுத்த படத்தை அதன்மேலேயே குப்புற வைப்பாள். சித்தியின் வாய்க்கு ஈடுகொடுக்க வேண்டுமே! "இது உங்கப்பாவோட அத்தை, சரியான வாயாடி. இது அவ புருஷன். பாவம், வாயில்லாப் பூச்சி." பழைய ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிக்கொண்டு கிடந்த கலர் படங்களைக் கிழியாமல் பிய்த்தெடுத்ததே பெரும்பாடு. நெகட்டிவ் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. புது ஜெல் பேனா ஒன்று வாங்கிவந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் அந்த அத்தையைப் பற்றியெல்லாம் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. சின்னு இரட்டையரில் ஒருத்தி. அவளுக்குக் கொஞ்சம் முன்னால் பிறந்தவள் பெரிசு. நடக்கப் பழகிய வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அம்மா அதைப் பற்றி வாயைத் திறந்ததே கிடையாது, கேட்டால் எழுந்து போய்விடுவாள். ஆல்பத்தில் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்த குழந்தைப் படம் இரண்டு இருந்தது. ஒன்றில் சிவப்புக் கவுன், இன்னொன்றில் மஞ்சள் கவுன். அச்சு அசலாக ஒரே முகம். இதில் அக்கா எது? தன்னோடு வயிற்றில் கிடந்தவளை ஒருமுறை தனியாகப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். தலை நரைத்த பிறகு இப்படியொரு ஏக்கமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"சிவப்பு பெரிசு. மஞ்சள் நீ. இதுகூடவா தெரியாது?" என்றாள் சித்தி. சின்னு எழுதினாள்.

டீ குடித்துவிட்டு வந்து அடுக்கைப் பிரித்தால், ஐயோ! வழவழப்பான முதுகில் மை ஊறவே இல்லை, மேலேயே ஈரமாக நின்றிருக்கிறது. ஒவ்வொரு பெயரும் மேலே வைத்த படத்தின் முகத்தில் இடவலம் மாறி ஒட்டியிருந்தது. அத்தை புருஷனின் நெற்றி முழுக்க அத்தையின் பெயர். "உயிரோட இருந்தப்பவும் அப்படித்தான்," என்று சித்தி சிரித்தாள். சின்னுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கவுன் படங்களின் முதுகிலும் நீலச் சேறுதான் மிச்சம்.

"சித்தி, மறுபடி சொல்லுங்க. எது அக்கா?"

"மஞ்சள்."

"அப்பவே சிவப்புன்னீங்களே!"

"சிவப்புன்னா சொன்னேன்? இரு இரு. அவளுக்குக் கன்னம் கொஞ்சம் உப்பல். அப்ப சிவப்புதான். இல்லையே..." சித்தி இரண்டையும் தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் இவதான்."

அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ! "அன்னைக்குப் பெரிசுக்கு உடம்பு அனலா கொதிச்சது. நாற்காலியில உக்கார வெச்சா வீல்னு கத்தறா. ரெண்டு பேரையும் எடுத்தே ஆகணும்னு உங்கப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. இவளுக்கே கவுனை மாத்தி இன்னொண்ணு எடுத்தோம். அவளை அப்புறமா எடுத்துக்கலாம்னுதான்..."

"எங்கிட்டக்கூடச் சொல்லலியேக்கா?" என்றாள் சித்தி.

"எது பெரிசு, எது சின்னுன்னுதானே எல்லாரும் கேட்டீங்க? வேற யாரு என்ன கேட்டா?"

சின்னு இரண்டு கவுன் படங்களையும் மறுபடி கையில் எடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் ரகசியமாகக் கொஞ்சியதெல்லாம் தன் முகத்தையேவா? கோபம் அம்மாமேலா, அப்பாமேலா, யார்மேல் என்றே பிடிபடவில்லை. "அப்ப அவ படம் ஒண்ணுமே இல்லையாம்மா?"

அம்மா கீழே உட்கார்ந்து படங்களைக் கிளறினாள். ஏதோ ஒரு கூட்டப் படத்தை உருவினாள். நடுவில் அப்பா சிரிக்கிறார், தோளில் ஒரு குழந்தை. ஓரத்தில் அம்மாவின் பாதி உடம்பு வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அவள் மடியிலிருந்து ஒரு சின்னக் கால் மட்டும் சட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"தோள்ல இருக்கறது நீ. இது அவ."

காட்டப்போன அம்மாவின் விரல் அப்படியே நின்றது. அந்தக் காலின்மேல் யாருடைய பெயரோ பாதி ஒட்டிக்கொண்டு ஈரமாகப் பளபளத்தது.

"சட்டுனு துடைச்சுடுடி," என்றாள் சித்தி. "தொடாதே, இழுபடும்," என்றாள் அம்மா. துணியைக் கையில் எடுத்துவிட்ட சின்னு, துடைக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் குனிந்து பார்த்தாள். நீல மைக்கு அடியில் ஐந்து விரல்களும் தெரிந்தன, கட்டைவிரல் மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.