செவ்வாய்க்கிழமைப் படையல்

கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்பிய சேதுபதி, "மீசையுமா?" என்று கேட்டார். "ஆமா, முழுசா எடுத்துடுங்க" என்றான் சுந்தரம். அவ்வளவுதான். அதுவரைக்கும் கல்யாண வீடு மாதிரி இரைந்துகொண்டிருந்த சலூன் சட்டென்று அடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் மருதப்பனின் கத்தரி நின்றது. அதற்கடுத்த நாற்காலியில் சுகாதார இன்ஸ்பெக்டர் கடைக்குள் நுழைகிற தோரணையை நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்துக் கொண்டிருந்த கோவிந்தசாமி, எட்டி ரெடிஃப்யூஷன் ரேடியோப் பெட்டியின் திருகை அணைத்தார். பெஞ்சில் காத்திருந்தவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சேதுபதி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுந்தரத்தின் தோளில் கையை வைத்தார்.

"அப்பாவா, தம்பி?"

சுந்தரம் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். பிறகு, "ம்" என்றான்.

அடப் பாவி! குளித்தலைக்குப் பக்கத்தில் அவன் அப்பா அங்கப்பன் அந்த நேரத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போதவில்லை என்று யாரையாவது வைதுகொண்டிருந்திருப்பார். கல்லுக் குண்டாட்டம் இருந்த மனிதரை, பெற்ற பிள்ளை ஒரு 'ம்'மில் தீர்த்துவிட்டான். தகப்பன் இருக்கும்போது மீசையை வழிக்கிற வழக்கம் நம் ஆட்களிடம் ஏது? அதனால்தான் அவர்கள் அப்படிக் கேட்டார்கள். அதனால்தான் அவனால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை.

உண்மை என்னவென்றால், கடலோரத்து வெள்ளைக்காரர் கிளப் ஒன்றில் சுந்தரம் மேசை பரிமாறுகிறவன். சீமையிலிருந்து புது மேனேஜர் துரை வந்து பத்து நாள் ஆகவில்லை. வந்ததும் வராததுமாய், சாப்பாட்டு அறையில் நிற்கிறவன் எவனுக்கும் மீசை இருக்கக் கூடாது, செவ்வாய் மத்தியானத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டான். மற்றவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. மீசை வைத்திருந்தவனே இவன் ஒருத்தன்தான். சொல்லிவிட்டு இவன் மீசையைப் பார்த்துத் துரை சிரித்தான் வேறு. வழக்கமாகச் சுந்தரம் கிளப்புக்குப் பின்னால் ஒரு சீனக் கிழவரிடம்தான் முடிவெட்டிக்கொள்வான். பத்து நிமிஷம், ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் இதற்கு அங்கே போக மனசு வரவில்லை. எடுப்பதென்று ஆனபிறகு, அது என்னவென்று தெரிந்த கையாவது எடுக்கட்டும் என்று பஸ் ஏறி, நம் ஆட்கள் குடியும் கடையுமாக இருக்கும் தேக்காவுக்கு வந்தான். வந்து உட்கார்ந்தபின், ஒரு வெள்ளைக்காரன் சொன்னதற்காக எடுக்கிறேன் என்று அந்த மூன்று பேர் முன்னால் எப்படிச் சொல்வான்? வெட்கம் பிடுங்கித் தின்றது. கேட்ட கேள்விக்குத் தலையாட்டினான்.

"எப்ப காயிதம் வந்துச்சு?"

"இன்னைக்குக் காலையில."

"மொட்டையும் போடணுமே."

"வேலையில விட மாட்டாங்கண்ணே. மீசை மட்டும்தான்." அதுவரை அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"சரி விடு. கடல் தாண்டி வந்துட்டா எல்லாத்தையும் பாக்க முடியுமா?" என்று சொல்லி, சேதுபதி அவன் கிழக்கே பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பினார். அவருடைய பாட்டன் முப்பாட்டனெல்லாம் ஊரில் கருமாதிச் சடங்கு செய்துவைத்தவர்கள். எந்தக் காரியத்தை எந்தத் திசை பார்த்துச் செய்ய வேண்டும் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோப்பு நுரையைத் தடவும்போதே மெதுவாகப் பேச ஆரம்பித்தார். ஜப்பான்காரன் போன மறுவருஷம் அவருடைய தகப்பனார் இறந்த சேதி வந்ததாம். அப்போது கடையில் அவர் ஒருத்தர்தான். "எனக்கு எடுத்துவிட ஆள் இல்ல தம்பி. ஊரு பூரா சிரைக்கிறவன், எனக்கு நானே கண்ணாடியப் பாத்து எடுத்துக்கிட்டேன். கை நடுங்கி ரெண்டு எடத்துல வெட்டிக்கிட்டேன். உனக்கு அந்தக் கதி இல்ல. நாங்க இருக்கோம்."

இதைக் கேட்டதும் சுந்தரத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீர் அங்கப்பனுக்காக இல்லை. 'நாங்க இருக்கோம்' என்று இங்கே வந்த பதினோரு வருஷத்தில் அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். கோவிந்தசாமி அடுத்த கடைக்காரர் ரவூப் காக்காவிடம் தேத்தண்ணி வாங்கிவந்து கையில் கொடுத்தார். மருதப்பன், "ஆள் எப்படி இருப்பாருண்ணே?" என்று கேட்டார்.

சுந்தரம் சொன்னான். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. அகன்ற நெற்றி, வலது காதில் கடுக்கன் அறுந்த தழும்பு, பஞ்சாயத்தில் பேசும்போது இடது புருவம் மட்டும் ஏறுவது, சாப்பிட்டு முடித்ததும் இலையை மடிக்காமல் அதில் விரலால் கோலம் போடுவது எல்லாவற்றையும் சொன்னான். ஒவ்வொன்றையும் 'இருந்தாரு', 'செய்வாரு' என்று முடித்தான். முதல் இரண்டு வாட்டி நாக்குக் கூசியது. அப்புறம் கூசவில்லை. தன் தகப்பனைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில், தகப்பனைக் கொன்றிருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

எழுந்தபோது சேதுபதி காசை வாங்கவில்லை. விரல் விட்டு எண்ணி, "சேதி கேட்ட நாள்லருந்து பதினாறு செவ்வாக்கிழமை வருது. கடை லீவு. தோதாப் போச்சு. இங்கயே வச்சுப் படைச்சிருவோம், நீ அலையாத" என்றார்.

அந்தப் பதினைந்து நாளில் கடை திறந்த நாளெல்லாம் சுந்தரம் பிடித்த பிடியாய் அங்கேதான் கிடந்தான். மத்தியானப் பந்தி முடிந்து ராப் பந்திக்கு முன்னால் கிடைக்கிற மூன்று மணி நேரத்தை அதுவரை கிளப்புக் குவார்ட்டர்ஸில் கூரையைப் பார்த்துக் கழித்தவன், இப்போது பஸ் பிடித்துச் சலூன் பெஞ்சுக்கு வந்துவிடுவான். அதுவொரு தனி உலகம். சுவரில் இருக்கும் தலைகளெல்லாம் மருதப்பன் வரைந்தவை. பின்னால் தூக்கிவாரியது, நெற்றியில் ஒரு சுருள் தொங்குவது, நடுவகிடு என்று பதினெட்டுத் தலை. வருகிறவன் விரலை நீட்டி ஒன்றைக் காட்டினால் போதும். கோவிந்தசாமிக்குச் சிரிக்கவைக்காமல் கத்தரி ஓடாது. நுழைகிற எவனையும் சேதுபதி "வாங்க வாங்க" என்றுதான் கூப்பிடுவார். துறைமுகக் கூலியாக இருந்தாலும் சரி, கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்தாலும் சரி. ஆனால் சுந்தரத்துக்கு மட்டும் "வாடா தம்பி". அந்த 'டா'வைக் கேட்பதற்காகவே பஸ்ஸில் வரும்போது அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெட்கங்கெட்ட நெஞ்சு! ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வருவான். சொன்னால் இந்த பெஞ்சு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு திரும்புவான்.

பதினாறாம் நாள் காலையில், உண்மையாகவே ஒரு காகிதம் வந்தது. கப்பல் தபால். எழுதத் தெரிந்த யாரையோ வைத்து அங்கப்பன் எழுதச் சொல்லியிருந்தார். கீழ்வரிசையில் ஒரு பல் விழுந்துவிட்டது, மற்றபடி சுகம், உன் சுகத்துக்கு எழுதவும். தேதியைப் பார்த்தான். பதினெட்டு நாளைக்கு முந்தைய தேதி. முதலில் அப்பாடா என்றிருந்தது. பிறகு விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் 'ம்' சொல்வதற்கு மூன்று நாள் முன்னால் எழுதிய காகிதம் இது. அதற்கப்புறம்? காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தேக்காவுக்குப் போனான்.

சலூனின் மடக்குக் கதவு பாதி திறந்திருந்தது. மூன்று நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளி, தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. மூன்று பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி நின்றார்கள். கண்ணாடிகளுக்கு எதிரே ஒரு முக்காலி. அதன்மேல் சட்டம் போட்ட படம் ஒன்று, மல்லிகை மாலையோடு. முன்னால் தலைவாழை இலையில் சோறு, பருப்பு, வடை, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் பரிமாறியிருந்தது.

"போட்டோ இல்லைன்னு சொன்னீங்கள்ல" என்றார் மருதப்பன் கொஞ்சம் கூச்சத்தோடு. "நீங்க சொன்னத வச்சு நானே போட்டேன். கடுக்கன் தழும்பு, புருவம் எல்லாம் வந்திருக்கா பாருங்க. முகவெட்டு மட்டும் தெரியல. அதுக்கு உங்களப் பாத்துத்தான் போட்டேன், அண்ணே."

சுந்தரம் பார்த்தான். தழும்பு இருந்தது. ஏறிய புருவம் இருந்தது. மற்றதெல்லாம் அவனேதான். நரைத்த தலையும் முறுக்கிய மீசையுமாக, மாலைக்குள்ளிருந்து அவனையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்துக்காக மருதப்பன் எத்தனை மத்தியானம் தூங்காமல் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

"உக்காருடா தம்பி" என்று சேதுபதி அவனைத் தெற்கே பார்க்க உட்காரவைத்தார். உள்ளங்கையில் கறுப்பு எள்ளைப் போட்டார். செம்பைக் கையிலெடுத்தார். "தண்ணி ஊத்துறேன். கட்டைவிரல் பக்கமா எள்ளோட விடு. மூணு தரம். ஒவ்வொரு தரமும் அப்பா பேரச் சொல்லு."

கையில் எள் இருந்தது. சட்டைப்பையில் காகிதம் இருந்தது. சுந்தரம் வாயைத் திறந்தான். 'அங்கப்பன்' என்ற பேரில் 'அ' கூட வரவில்லை. செம்பு அவன் கைமேல் சாய்ந்துகொண்டே வந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான். எள் தரையில் சிதறியது.

"அண்ணே. எங்கப்பா உசுரோட இருக்காருண்ணே."

அவர்கள் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான். துரை, மேசை, செவ்வாய் மத்தியானம், சிரிப்பு எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான். காகிதத்தை எடுத்து நீட்டினான். சேதுபதி வாங்கவில்லை.

"இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

"இதுல எழுதியிருக்காருண்ணே. பதினெட்டு நாளைக்கு முன்னாடி."

"எனக்குச் சேதி வந்தன்னைக்கு, பதினெட்டு நாளைக்கு முன்னாடி எங்கப்பனும்தான் இருந்தான்" என்றார் சேதுபதி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

அவர் செம்பைக் கீழே வைத்தார். குனிந்து, ஈர விரலால் எள்ளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். மருதப்பன் முக்காலியிடம் போய் மாலையைக் கழற்றினார். படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

சுந்தரம் எழுந்து வாசலுக்குப் போனான். செருப்பைக்கூட மாட்டிவிட்டான்.

"சாப்ட்டுட்டுப் போங்க" என்று பின்னால் சேதுபதியின் குரல் கேட்டது. "இது இன்னும் யாருக்கும் படைக்கல. வெறும் சோறுதான். வந்தவங்கள சாப்பிடாம அனுப்புற வழக்கம் இந்தக் கடையில கெடையாது. உக்காருங்க, சார்."

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பரிமாறியிருந்த அந்த ஒற்றை இலையின் முன்னால் உட்கார்ந்தான். மற்ற மூன்று பேரும் எதிர்ச் சுவரோரம் வரிசையாக இலை போட்டுக்கொண்டார்கள். அவர்களும் சாப்பிட்டார்கள். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை, குத்தலாக ஒரு வார்த்தை பேசவில்லை. பொரியல் தீர்ந்தபோது மருதப்பன் எழுந்துவந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா, சார்?" என்று கேட்டு வைத்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். கிளப்பில் தான் மேசைக்கு மேசை குனிந்து கேட்பதும் இப்படித்தான் என்று சுந்தரத்துக்குத் தோன்றியது.

கடைசியில் கோவிந்தசாமி வாளியோடு வந்து அவன்முன் குனிந்தார். ஆளைச் சிரிக்கவைத்தே பழகிய முகம், அப்போது மரியாதையாக இருந்தது.

"ரசம் விடட்டுங்களா, சார்?"

சுந்தரம் மிச்சச் சோற்றை இலை நடுவே கூட்டி, அதில் விரலால் ஒரு குழி செய்தான்.