சீக்கிரமே அழுத்தியவர்

ஹெஃபின் ரீஸ் பதினேழு வயதில் பைக் உரிமம் வாங்கியவர். அதன்பிறகு ஐம்பத்தாறு வயதுவரை கார் உரிமம் வாங்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வேல்ஸ் மலைப்பாதைகளில் மழையிலும் பனியிலும் அவர் ஓட்டாத பருவமில்லை. மனைவி மென்னாவும் பின்னால் உட்கார்ந்தே ஊர் ஊராகப் போனவள்தான். மளிகை வாங்கப் போனாலும் பைக், கல்யாணத்துக்குப் போனாலும் பைக்.

போன வருடம் ஏப்ரலில், பாலா என்ற ஊருக்குப் போகிற சாலையில் ஒரு கிளைச்சாலை சேரும் இடத்தில், நின்றிருந்த வெள்ளைக் கார் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. மென்னா அங்கேயே போய்விட்டாள். ஹெஃபினின் இடது முழங்கால் அதற்குப்பிறகு மடங்கவில்லை. கியர் மாற்றுகிற கால் அது.

காரை ஓட்டியவள் பெயர் கெரி வாட்கின். முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். "சூரியன் கண்ணுல அடிச்சுது. நான் அவங்களைப் பாக்கவே இல்லை" என்று நீதிமன்றத்தில் சொன்னாள். பொய் சொல்கிற முகமாக அது இல்லை என்பதுதான் ஹெஃபினால் தாங்க முடியாததாக இருந்தது. ஏனென்றால் அவர் அவளைப் பார்த்திருந்தார். வளைவு திரும்பியதுமே அந்தக் கார் கண்ணில் பட்டது. வேகத்தைக் குறைத்தார், ஹாரன் அடித்தார். அவளுக்குச் சிறைத்தண்டனை இல்லை. கொஞ்ச காலம் ஓட்டக்கூடாது, பிறகு எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுதவேண்டும் என்று தீர்ப்பானது.

மரம் அறுக்கும் ஆலையில் ஹெஃபினுக்கு வேலை. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மடங்காத காலோடு ஓட்டத் தானியங்கி கியர் கார் ஒன்றுதான் வழி. அதற்கும் உரிமம் வேண்டும்; உரிமத்துக்கு முதலில், கணினியில் கேள்விகளும் சாலைப் படங்களும் வருகிற எழுத்துத் தேர்வு வேண்டும்.

நண்பர் கெத்தினும் கூடவே விண்ணப்பித்தார். அவரும் பைக்கைத் தவிர எதையும் தொடாதவர். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. கார் ஓட்டத் தெரியாத தாத்தாவால் என்ன பயன் என்று மகள் கேட்டுவிட்டாளாம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் சாலை ஆபத்து பத்திப் பரீட்சையாம்" என்று கெத்தின் பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். "மீனைக் கூப்பிட்டு நீச்சல் தெரியுமான்னு கேக்கறானுங்க."

"படிச்சியாடா?"

"கேள்வி பதிலைப் படிச்சேன். படம் பாக்கறதுக்கு எதுக்குடா படிப்பு?"

தேர்வு மையத்தின் காத்திருப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. பெரும்பாலும் பள்ளி முடித்த பிள்ளைகள். மூலையில் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அதனால் ஹெஃபினுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கெத்தின்தான் முதலில் முழங்கையால் இடித்தார். "அவதானே? எழுந்திரு, இன்னொரு நாள் வந்துக்கலாம்."

"நான் எதுக்குப் போகணும்?" என்றார் ஹெஃபின்.

அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது. அதற்குள் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கேள்விகள் எளிதாக முடிந்தன. பிறகு படங்கள். காரின் முன் கண்ணாடி வழியாகத் தெரிகிற சாலை திரையில் ஓடும். ஆபத்து ஒன்று உருவாகத் தொடங்கும்போது மவுஸை அழுத்தவேண்டும். தாமதமானால் மதிப்பெண் குறையும். உருவாவதற்கு முன்பே அழுத்தினால் அது கணக்கில் வராது. கண்டபடி அழுத்தினால் அந்தப் படத்துக்கே பூஜ்ஜியம்.

முதல் படத்தில் நிறுத்தியிருந்த வேன் ஒன்று. ஓட்டுநர் இருக்கையில் ஆள் இருப்பது அதன் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஹெஃபின் அழுத்தினார். வெகு நேரம் கழித்துத்தான் வேனின் கதவு திறந்தது. அடுத்ததில் வேலிக்கு மேலே ஒரு குதிரைக்காரியின் தொப்பி நுனி. அழுத்தினார். குதிரை சாலைக்கு வருவதற்குள் அவர் மனதில் பிரேக் பிடித்து, ஓரம் ஒதுங்கி, கடந்தும் போயிருந்தார். அழுத்தியதையே மறுபடி அழுத்தவேண்டும் என்று அவருக்கு உறைக்கவில்லை. பார்த்தாயிற்று, அழுத்தியாயிற்று, இனி என்ன?

நடுவில் ஒரு படத்தில் கிளைச்சாலை வந்தது. அங்கே ஒரு கார் நின்றிருந்தது. வெள்ளைகூட இல்லை, நீலம். ஹெஃபின் அழுத்தினார். கார் நகரவில்லை. திரும்ப அழுத்தினார். விரல் நிற்கவில்லை; கார் நகர்வதற்கு முன்பும் அழுத்திக்கொண்டே இருந்தார், நகர்ந்து குறுக்கே வந்தபோதும் அழுத்திக்கொண்டே இருந்தார். படம் முடிந்ததும், கண்டபடி அழுத்தியதால் இதற்கு மதிப்பெண் இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. அதற்குப் பிறகு ஓடிய படங்களை அவர் பார்த்தார் என்று சொல்வதற்கில்லை.

வெளியே மேசையில் இருந்த பெண் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தாள். ஹெஃபின் தோல்வி. கெத்தின் அவரைவிட மோசம்.

"நாப்பது வருசமா பைக் ஓட்டியும் உசிரோட இருக்கேன்மா" என்றார் கெத்தின் அந்தப் பெண்ணிடம். "அதுக்கு ஒரு மார்க்காவது போடக்கூடாதா?"

"நிறைய பைக் ஓட்டறவங்க இப்படித்தான் சார் தோத்துப்போறாங்க. ரொம்ப சீக்கிரமா அழுத்திடறீங்க" என்றாள் அவள்.

வாசலில் கெரி நின்றிருந்தாள். கையில் தாள். தேறியவர்களின் தாள் எப்படியிருக்கும் என்று ஹெஃபினுக்குத் தெரியாது. ஆனால் அவள் அதை அவசரமாக மடித்துக் கோட்டுப்பைக்குள் ஒளித்த விதத்தில் தெரிந்துவிட்டது.

"மிஸ்டர் ரீஸ்" என்றாள். "நீங்க இங்க இருப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். நான் உங்களுக்குக் கடுதாசி எழுதினேன், பல தடவை. அனுப்பத் தைரியம் வரல."

ஹெஃபின் கைத்தடியை ஊன்றி நின்றார். "பாஸா?"

அவள் கை தானாகக் கோட்டுப்பைக்குப் போனது.

"அப்போ இன்னைக்கு எல்லாத்தையும் பாத்துட்டீங்க."

கெத்தின், "வாடா, போலாம்" என்று தோளைத் தொட்டார்.

கெரி பதில் சொன்னாள். "இன்னைக்கு ஏதோ ஒண்ணு வரும்னு தெரிஞ்சே உக்காந்திருந்தேன். அன்னைக்குத் தெரியாது."

அது உண்மை. அதனாலேயே அவருக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது. "என் பொண்டாட்டிக்குந்தான் தெரியாது" என்றார். "என் முதுகுல சாஞ்சு பாடிக்கிட்டு வந்தா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். ஹெஃபின் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார். சொன்னது பொய். மென்னா அன்று பாடவில்லை, ஹாரன் சத்தம் கேட்டு, "என்னங்க?" என்றுதான் கேட்டாள். உண்மையைவிட எது அதிகம் வலிக்கும் என்று தேடி எடுத்துச் சொல்லியிருந்தார். பஸ் நிறுத்தம் போகும்வரை அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. பஸ் வருவதற்குள் அதுவும் போய்விட்டது.

அடுத்த மாதம் இருவரும் மறுபடி போனார்கள். இந்த முறை ஹெஃபின் தேறினார். கெத்தின் மீண்டும் கோட்டைவிட்டார்.

"எப்படிடா?" என்று வழியில் துளைத்தெடுத்தார்.

"ஆபத்து தெரிஞ்ச உடனே கையை எடுத்துடணும். சும்மா இருக்கணும். எல்லாரோட கண்ணுக்கும் தெரியற அளவுக்கு அது கிட்ட வரட்டும்னு விடணும். அப்புறம் அழுத்தணும்."

கெத்தின் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். நண்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இலையுதிர் காலத்தில் ஹெஃபின் ஓட்டும் தேர்விலும் தேறி, பழைய கார் ஒன்று வாங்கி ஆலைக்குப் போகத் தொடங்கினார். முதல் திங்கட்கிழமை, மலையிறக்கத்தில் எதிரே ஒரு பைக் வந்தது. சாலையில் பைக் ஓட்டுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் தலையசைப்பது வழக்கம். முன்பின் தெரியாதவராயினும் அசைப்பார்கள். ஹெஃபின் தலையசைத்தார்.

பைக்கில் வந்தவர் அசைக்கவில்லை. காரைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கி, அவரை விட்டு எவ்வளவு தூரம் விலக முடியுமோ அவ்வளவு விலகிக் கடந்து போனார்.