பச்சை டிக்கும் நாற்பது பேரும்

1.
இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. 'நல்ல இணையதளம் வடிவமைப்பது எப்படி: புதியவர்களுக்கு' என்று ஒரு பத்திரிகை கேட்டது. முதல் வரி சுலபமாக வந்தது: பக்கத்துக்கு வருகிறவருக்கு எங்கே வந்திருக்கிறோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பார்த்ததும் விளங்க வேண்டும். இரண்டாவதும் வந்தது: எழுத்து பின்னணியில் கரையக் கூடாது. வெள்ளைமேல் வெளிர்சாம்பலில் எழுதுவது அழகு இல்லை, திமிர். மூன்றாவதாக, 'செய்த வேலை முடிந்ததா இல்லையா என்பதைப் பக்கம் பொய் சொல்லாமல்' என்று தொடங்கினேன்.

அதை முடிக்க முடியவில்லை. பதினோரு முறை முயன்றேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

2.
'அவள் ஒரு இணையதள வடிவமைப்பாளர். அவளுக்கு அழகு பிடிக்கும். ஒருநாள்'

சகிக்கவில்லை. வேறு தொடக்கம்.

ஸ்கேன் மையத்தின் வரவேற்பு மேசை முன்னால் அவளுடைய அம்மா நிற்கிறாள். துணிக்கடையில், வாடிக்கையாளர் பிரித்துப்போட்ட துணிகளைத் திரும்ப மடித்து அடுக்குவது அம்மாவின் வேலை. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"உங்க பேரு லிஸ்ட்ல இல்லையேம்மா."

"இல்லையா? போன்ல பச்சையா டிக் விழுந்துச்சே. நான் பார்த்தேன்."

"அது முதல் ஸ்டெப் முடிஞ்சதுக்கு. இன்னும் ரெண்டு இருக்கு. கீழ தள்ளிப் பார்க்கலையா?"

"தள்ளணும்னு யாரு சொன்னா?"

அடுத்த காலி இடம் ஏழு வாரம் கழித்து. அம்மாவின் கையில் இருந்த சீட்டில், 'இந்த வாரமே' என்று எழுதி, டாக்டர் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.*

* கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்றெல்லாம் எழுதமாட்டேன். உங்களிடம் இரக்கம் வாங்க அம்மாவின் உடம்பைக் காட்டவேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

3.
ஸ்கேனுக்கு நாள் பதிகிற அந்தப் பக்கத்தைச் செய்தவள் அவள்தான்.

படிவத்தில் மூன்று படி. முதல் படியில் பெயர், வயது, போன் எண், வேண்டிய நாள். ஜனங்கள் பாதியில் ஓடிவிடக் கூடாதே என்று முதல் படி முடிந்ததும் ஒரு பெரிய பச்சை டிக் வைத்தாள். முதுகில் தட்டிக்கொடுப்பது மாதிரி. அலுவலகத்தின் அகலத் திரையில் டிக்குக்குக் கீழேயே இரண்டாம் படி தெரிந்தது. சின்ன போனில் டிக் மட்டும் திரை முழுக்க உட்கார்ந்துகொண்டது. மீதி கண்ணுக்கே தெரியாமல் கீழே கிடந்தது. சின்ன போன் ஒன்று அவள் வீட்டிலேயே, அம்மாவின் தலையணைப் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து ஒருமுறை பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஒரே ஆள் அவள். (அதனால்தான் தோன்றவில்லை என்று எழுதி அடித்துவிட்டேன். பிறகு அடித்ததை அடித்தேன்.)

"நீ செஞ்சதுல தப்பு இருக்காது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல," என்றாள் அம்மா. "கடையில எல்லார்கிட்டயும் காட்டினேன், எம்பொண்ணு செஞ்சதுன்னு."

"தெரியலன்னு சொல்லாதம்மா! தெரியாத மாதிரி நான் செஞ்சு வச்சிருக்கேன்."

"அதுக்கு ஏண்டி எங்கிட்ட கத்துற?"

நியாயமான கேள்வி.

4.
அவளுடைய முதலாளிக்கு அலுவலகத்தில் 'டெம்ப்ளேட்' என்று பெயர். பேக்கரி வந்தாலும் பள்ளிக்கூடம் வந்தாலும் அதே அச்சில் வார்த்துக் கொடுப்பார். மறுநாள் காலை அவர் மேசைமேல் ஒரு பட்டியலை வைத்தாள். டிக்கைப் பார்த்துவிட்டு அதோடு நின்றவர்கள், நாற்பத்தொரு பேர்.

"டிக்கை எடுத்துடறேன் சார். இவங்களுக்கு இன்னைக்கே போன் போடணும்."

"டிக்கை எடு. சத்தமில்லாம எடு. போன் எதுக்கு? மையத்துக்காரன் காதுல விழுந்தா நம்மளக் கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிடுவான்."

"இடம் கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுட்டு இருக்காங்க சார்."

"உங்க அம்மாவும் இதுல ஒருத்தங்கதானே?" குரலைத் தாழ்த்தினார். "அங்க மேனேஜர் நமக்குத் தெரிஞ்சவர். நாளைக்கே அம்மாவுக்கு ஸ்கேன். நான் சொல்றேன். நீ யாருக்கும் போன் போடாத. அவ்வளவுதான்."

(இவரை வில்லனாக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'முதல்ல உட்காரு' என்றவர் அவர்தான்.)

5.
முடிவு ஒன்று: பட்டியலை அவர் முகத்தில் வீசிவிட்டு வெளியேறுகிறாள். பொய். அப்படி வீசிவிட்டுப் போகிறவர்கள் வீட்டில் வேறு யாரோ சம்பாதிக்கிறார்கள்.

முடிவு இரண்டு: 'சரி சார்' என்கிறாள். ஸ்கேன் நடக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். இது ரொம்ப நன்றாக வந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அந்தப் பத்திக்குள் நாற்பது பேருக்கு இடமே இல்லை.

மூன்றாவது, முடிவே இல்லை. நடந்தது மட்டும்: மாடிப்படியில் நின்று கடைக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாளைக்கே இடம் கிடைக்கும். ஆனா உன்ன மாதிரி இன்னும் நாப்பது பேர் இருக்காங்க. அவங்ககிட்ட நான் சொல்லக் கூடாதாம்."

"அவங்களுக்கும் டாக்டர் அவசரம்னு எழுதியிருக்காரா?"

"தெரியாது. கேட்டாத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் யாரோ வேறு நிறம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கஸ்டமர் நிக்கிறாங்க," என்றாள் அம்மா. "நீ படிச்சவ. நீயே பார்த்துக்கோ." வைத்துவிட்டாள்.

6.
பட்டியலில் முதல் ஆளுக்கு வயது எழுபத்திரண்டு. அவர் குறித்திருக்கும் நாள், நாளை.

அவள் விரலை அந்த எண்ணின்மேல் அழுத்தவைக்க எனக்கு ஒரு வரி போதும். எழுதிவிட்டால் நான் நல்லவளாகிவிடுவேன், நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்புவீர்கள். எழுதமாட்டேன். இத்தனை நேரம் 'அவள்' என்று நான் ஒளிந்துகொண்டது போதும். இனி அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள்.

டெம்ப்ளேட் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நிற்கிறார். "என்னம்மா, மேனேஜர்கிட்ட சொல்லிடவா?"

உங்களைத்தான் கேட்கிறார்.