வல்லூறைக் குயில் என்றவர்

பல் டாக்டர் ஒரு சாண் குள்ளமானது நகரப் பூங்காவில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பறவை ஆர்வலர் சங்கத்தார் அத்தனை பேர் முன்னிலையில். அவர்தான் தலைவர். சங்கத்திலேயே நீளமான கேமரா அவருடையது. அந்தப் பதவிக்கு வேறு தகுதி எதையும் யாரும் கேட்டதில்லை. நீரூற்றுக்குப் பின்னால் விளக்குக் கம்பத்தில் புறா அளவில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பு வரிகள். டாக்டர் கேமராத் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே, "அக்காக்குயில்" என்றார். கால்சட்டை உடனே செருப்பை மூடியது.

அவர் மனைவி அண்ணாந்து பார்த்தாள். "அலகு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்குங்க. கண்ணு வேற சிவப்பு. இது வல்லூறு."

"உனக்கென்ன தெரியும்?" என்றார். உயரத்தில் இன்னும் நாலு விரற்கடை போயிற்று.

மாற்றிச் சொல்ல ஒரு நொடி போதும். டாக்டர் அதற்குப் பதில் தையல்காரரிடம் போனார். தலைவர் சொன்னால் சரி என்று தலையாட்டிய சங்கத்தாரும் ஆளுக்குக் கொஞ்சம் உயரம் குறைந்தார்கள். வயதாகிறது என்று பேசிக்கொண்டார்கள். மறு வருடம் அவர் ஸ்டூல் மேல் நின்று குயில் பற்றிக் கட்டுரை வாசித்தார். கைதட்டல் பலமாக இருந்தது. கிளினிக்கில் முதலில் ஏணி போட்டுக்கொண்டார். பிறகு நோயாளியின் வாய்க்குள்ளேயே இறங்கி நின்று சொத்தைப் பல்லைச் சுரண்டினார். கைராசி என்று கூட்டம் அலைமோதியது.

ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "நீயாவது அப்பா சொன்னதைச் சொல்லும்மா" என்றார். பெண் பாவப்பட்டு வாயைத் திறந்தாள். தாய் உள்ளங்கையால் பொத்தினாள்.

"இவ வளர்ற பொண்ணு. நீங்க சின்னவரானது போதும், அவளை விட்டுடுங்க."

அவர் தம்ளருக்குப் பின்னால் போய் அழுதார். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை.

ஓணான் அளவுக்கு வந்த பிறகும் மனைவியின் தோளில் ஏறிப் பூங்காவுக்குப் போவார். அப்படிப் போன ஒரு காலையில் வல்லூறு கம்பத்திலிருந்து சரிந்து வந்து அவரைக் கால் நகங்களால் பற்றித் தூக்கியது. மனைவி கைப்பையை விட்டெறிந்தாள், கத்திக்கொண்டே புல்வெளி முழுக்க ஓடினாள். கொக்கி அலகு மூக்கில் இடிக்க, மேலிருந்து அவர் குரல் வந்தது: "பாத்தியா, குயிலேதான்!" அதற்குள் பறவை மரங்களைத் தாண்டிவிட்டது.

தலைவரைக் குயில் தூக்கிச் சென்றதாகச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. பிறகு புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்து, மழலையர் பள்ளி ஒன்று கழித்துப் போட்ட நாற்காலிகளை வாங்கியது. கால் தரையில் நன்றாகப் படுகிறது என்று எல்லோருக்கும் திருப்தி.