பூட்டிய சவள்கள்

ஆர்த்திகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வேலிக் கடப்படியில் வந்து நின்றபோது நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது, இது அரிசி கேட்டு வந்த முகம் இல்லை.

“மச்சாள், விடியப்புறம் போனவரு. இன்னும் வரல்ல.”

எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை. என் தம்பி தனோஜனுக்குப் போக வேறு என்ன இடம் இருக்கிறது? வெளியூர்க்காரர் வாவி என்று சொல்லும் தண்ணீரை நாங்கள் ஆறு என்போம், துடுப்பைச் சவள் என்போம். ஆற்றை விட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

“சவள் இல்லாம என்னெண்டு போன?”

“மீன்பெட்டி மூடியக் கழட்டி எடுத்துட்டுப் போனவரு. கரையோட இறாலுக்கு வலையப் போட்டுட்டு ஓடி வாறன் எண்டு சொன்னவரு. புள்ளைக்குப் பால்மா முடிஞ்சிட்டு மச்சாள். ராவெல்லாம் அழுகை.” ஏதோ தன்னுடைய குற்றத்தைச் சொல்வதுபோல அவள் அதைச் சொன்னாள். பிள்ளை என் கையிலிருந்த கீரைக் காம்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தது.

நான் தென்னைகளை நிமிர்ந்து பார்த்தேன். ஓலையெல்லாம் கடல் பக்கம் சாய்ந்து கிடந்தது. வைகாசிக் கச்சான் காற்று அப்படித்தான். விடியும்போது இருக்கிற இடம் தெரியாது, வெயில் ஏறிவிட்டால் மேற்கிலிருந்து வந்து பிடித்துத் தள்ளும். தோணி அதில் மாட்டினால் நேரே முகத்துவாரம், அதற்கு அங்கால் கடல். கையில் சவள் இருந்தால் எதிர்த்து வலித்துக் கரையேறிவிடலாம். பெட்டி மூடியால் என்னத்தைச் செய்வது? கையிலிருந்த கீரையைக் கீழே போட்டேன்.

அவனுடைய சவள், ஊரில் இருக்கிற எல்லாருடைய சவளையும்போல, மீனவர் சங்கக் கட்டிடத்துக்குள் பூட்டிக் கிடந்தது. அது அங்கே போன கதையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் முதலாவது ஆளுக்குக் கொரோனா என்று ஏற்றிக்கொண்டு போன கிழமை, சங்கத்தில் கூட்டம் வைத்தார்கள். சுகாதாரப் பகுதி ஐயா வந்தார், பிரதேச செயலகத்திலிருந்து ஒருவர் வந்தார், பொலிஸில் பெரியவர் ஒருவரும் வந்தார். பயணத்தடை போட்டும் ஆற்றில் தோணி ஓடுகிறது, அக்கரைக்குப் போய் மீன் விற்று கொரோனா வருத்தத்தை வாங்கி வருகிறீர்கள், இனி இறுக்காமல் விட முடியாது, எப்படி இறுக்குவது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். கரை நெடுக ஆமியை நிறுத்தலாம் என்றார் ஒருவர். தோணிகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் வளவுக்குள் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். வெயிலில் கிடந்து வெடிக்கிற தோணிக்கு அவரா வந்து பலகை வைத்துத் தரப்போகிறார்?

அப்போதுதான் எழும்பினார் என் புருஷன் உதயரூபன். சங்கத் தலைவர் அல்லவா. “தோணியில கை வைக்காதீங்க ஐயா. சவளையும் தள்ளுற கம்பையும் நாங்களே சேத்துத் தாறம். சவள் இல்லாத தோணி எங்க போகும்?” என்றார். எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. நாங்கள் எதைத் தின்பது என்று கேட்டதற்கு நிவாரணப் பொதி வரும் என்றார்கள். வந்தது, ஒரேயொரு தடவை.

சரி, சவளைக் கொடுத்ததோடு விட்டிருக்கலாம். பூட்டைத் திறக்கிற திறப்பை யார் வைத்திருப்பது என்று கேட்டபோது, “என்னட்ட வேணாம் சேர், நீங்களே கொண்டு போங்க” என்று பூட்டுத் திறப்பை எடுத்துப் பொலிஸ் பெரியவரின் கையிலேயே கொடுத்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெண்பிள்ளைக்கு, கலியாணம் முடித்தவன் பெண்ணின் வீட்டுக்கு வருவான். அவர் மண்டூரிலிருந்து என் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் என்னுடைய மாமன், என்னுடைய சித்தப்பன், என்னுடைய தம்பி. யார் வந்து கேட்டாலும் அவரால் இல்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் பிறகு இந்த ஊரில் அவர் சோறு தின்ன முடியாது. இல்லை என்று சொல்லுகிற வேலையைத் தூரத்திலுள்ள ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு அந்தப் பெரிய மனுஷன் நிம்மதியாகப் படுத்து உறங்கினார்.

நான் சங்கத்தடிக்கு ஓடினேன். ஆர்த்திகா பின்னால் வந்தாள். என் புருஷன் ஏற்கெனவே அங்கே நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார், ஆற்றங்கரையில் தோணியைக் காணவில்லை என்று யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

“சொல்லிட்டன் புள்ள. மேல கேட்டுட்டு எடுக்கிறாங்களாம்.”

“மேல எண்டா எங்க? வானத்துலயா?”

“கத்தாத. கதவுல முத்திர குத்திக் கிடக்கு. நம்ம பாட்டுக்கு உடைச்சா நாளைக்கு வந்து ஒரு தோணி விடாமத் தூக்கிட்டுப் போவானுகள். ஊருக்கே நான்தான் பதில் சொல்லணும்.”

ஆம்பிளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மாஸ்க்கை ஏற்றிவிட்டு, தள்ளித் தள்ளி நின்று பூட்டைப் பார்த்தார்கள். பூட்டின் மேல் ஒட்டியிருந்தது ஒரு துண்டுக் கடதாசி, அவ்வளவுதான். சுழல் காற்றில் நடுக்கடல் போய் வந்தவர்கள், அந்தக் கடதாசிக்கு முன்னால் கை கட்டி நின்றார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. போன கிழமை கரையில் வலை காயப்போட நின்றவனையே ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூர்த்தி மாமா மட்டும், வினாயகமூர்த்தி என்று முழுப்பெயர் சொன்னால் அவருக்கே விளங்காது, ஆற்றைப் பார்த்து நின்றார். “காத்து ஏறுது மனே” என்று என் புருஷனுக்குச் சொன்னார். “இன்னும் கொஞ்சத்துல நம்மளாலயும் போக ஏலாது.”

போன் அடித்தது. என் புருஷன் எடுத்து, “ஓம் சேர், ஓம் சேர்” என்றார். “எத்தின பேர் எண்டு சேர்? இல்ல, தேடத்தான்... ஓம், மாஸ்க் போட்டிருக்காங்க சேர்.” அந்த “ஓம் சேர்” என் காதுக்குள் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது. என் தம்பிக்கு நடை பழக்கினவள் நான். இந்தக் கையைப் பிடித்துத்தான் அவன் முதலாவது தடவை ஆற்றில் கால் வைத்தான். நான் பக்கத்து வளவுக்குள் போய், தேங்காய் உரிக்க நட்டு வைத்திருந்த இரும்பு அலவாங்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. வழிவிட்டார்கள். பூட்டு வளையத்துக்குள் அலவாங்கைக் கொடுத்து முழுப் பாரத்தையும் போட்டேன். வளையத்தோடு சேர்ந்து கதவுப் பலகையும் பிளந்தது.

“அது ஒண்டுமில்ல சேர்” என்றார் என் புருஷன் போனுக்குள். கண் என்னைப் பார்த்தபடி இருந்தது. “இஞ்ச சரியான காத்து. கதவு அடிக்குது.”

அதற்குப் பிறகு யாரும் யாருடைய வாயையும் பார்க்கவில்லை. தன்னுடைய சவள் எது என்று தேடக்கூட ஒருவருக்கும் பொறுமை இல்லை, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நெருக்கியடித்துத் தோணிகளைத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் கரையில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும்தான் நின்றோம். ஆர்த்திகா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நின்றாள். காற்று அவளுடைய சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தது.

தோணியில் போன மூர்த்தி மாமாதான் அங்கிருந்து போன் பண்ணினார். என் புருஷன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

“தோணி கிடைச்சிட்டு. முகத்துவாரத்துக்கு இஞ்சால, கண்டல் பத்தைக்குள்ள சொருகிக் கிடக்கு.”

“அவன் மாமா?” என்றார் அவர்.

போனுக்குள் காற்று இரைந்தது. “வலை இருக்கு. இறாலும் கொஞ்சம் கிடக்கு. நீங்க கரையிலயே நில்லுங்க, நாங்க பாக்கிறம்.”

ஆர்த்திகா திரும்பி என்னைப் பார்த்தாள். என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐயோ, என்ன சொல்லி இவளைக் கரைக்கு ஏற்றுவேன் என்றுதான் யோசித்தேன். பிள்ளை மட்டும் தண்ணீரைக் காட்டிச் சிரித்தது. அந்த நேரத்தில்தான் ஜீப் வந்தது.

இறங்கினது வயது குறைந்த ஒரு பொலிஸ்காரன். கரையில் நின்ற கூட்டத்தையும் ஆறு நிறைய ஓடிய தோணிகளையும் மாறி மாறிப் பார்த்தான். உடைந்த கதவையும் கண்டுவிட்டான். அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வந்தது. “மூணு போட். மூணு மட்டும் பர்மிசன். மத்தது எல்லாம் கரைக்கி வாறது. லேடீஸ் எல்லாம் வீட்டுக்கு” என்றான். யாரும் அசையவில்லை. அவன் கோபப்படவில்லை, பயந்துவிட்டான் போலிருந்தது. ஜீப்பின் மேல் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. உள்ளே கையை விட்டு மைக்கை இழுத்து என் புருஷனிடம் நீட்டினான். “தலைவர், நீங்க சொல்லுங்க. உங்க ஆள்தானே.”

அவர் வாங்கினார். வாங்குவார் என்று எனக்குத் தெரியும். இத்தனை நாளும் வாங்கிக்கொண்டுதானே இருந்தார். அலவாங்கு இன்னும் என் கையில்தான் இருந்தது. இந்த மனுஷன் இப்போது வாயைத் திறந்து எல்லாரும் திரும்பி வாங்க என்று ஒரு சொல் சொல்லட்டும், பிறகு நடக்கிறது நடக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். முதலில் மூச்சு மட்டும்தான் ஆற்றுக்கு மேலால் போனது. தொண்டையைச் செருமினார். அதுவும் பெரிதாய்க் கேட்டது.

“மச்சான்” என்றார். “டேய் தனோஜன்.”

பொலிஸ்காரன் அவருடைய கையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான்.

“கரைக்கு வாடா மச்சான். உனக்கு ஒண்டும் செய்ய மாட்டாங்கடா. எல்லாருக்கும் சவளத் திருப்பிக் குடுத்தாச்சு. எங்க இருந்தாலும் ஒரு சத்தம் குடுடா.”

காற்று அந்தக் குரலை முகத்துவாரத்துப் பக்கமாக எடுத்துக்கொண்டு போனது. தூரத்தில் ஒவ்வொரு தோணியாக வலிப்பதை நிறுத்தினார்கள். சவள் சத்தத்தில் அவனுடைய பதில் கேட்காமல் போய்விடும் என்று, சவள்களைத் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கச்சான் தள்ளுகிற பக்கமெல்லாம் மிதந்தபடி இருந்தார்கள்.