பால்பவுடர் டின்னில் நான்காவது சீட்டு

1

இந்தக் கதை ஒரு தப்பான தீர்ப்பிலிருந்து பிறந்தது. தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சவூதியில், ஜுபைல் லேபர் கேம்பில் ஒரு ரூம், நான்கு பேர். ஊரில் ஓட்டுப்பதிவு நாள். இவர்களுக்கோ லீவு கிடையாது. அதனால் வழக்கம்போல ரூமுக்குள்ளேயே ஒரு தேர்தல்: பெயர் எழுதாத சீட்டு, காலி பால்பவுடர் டின். செல்வசிங்கும் பிரைட்டும் குமரிக் கடற்கரை, ஒரே சர்ச். சதக்கத்துல்லா கீழக்கரை. சோலைமுத்து முதுகுளத்தூர்ப் பக்கம்.

டின்னைத் திறக்குமுன்பே செல்வசிங் முடிவை அறிவித்துவிட்டான்: "நாலும் நம்ம கட்சிக்குத்தாம்டே."

திறந்தால் மூன்றுதான். நான்காவது, பெயரைச் சொன்னாலே அந்த ரூமில் சோறு இறங்காத கட்சிக்கு!

2

செல்வசிங் மறுநொடி சோலைமுத்துவைப் பார்த்தான். பதினோரு வருஷமாக ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவனை.

"நீதானலே? ஒங்க ஆளுவளுக்கு அந்தப் புத்தி போவுமா?"

சோலைமுத்து குற்றவாளியைப் போலத் தலையை...

(இல்லை. அவன் தலை குனியவேயில்லை.)

"ஏண்ணே, வேற யாரும் போட்ருக்க மாட்டாகளா?" என்று கேட்டான். நேரே கேம்ப் பாஸிடம் போய் ரூம் மாற்றித் தரச் சொன்னான்.

(என் முதல் வரைவில் சீட்டைப் போட்டது அவன்தான். சாதி பொருந்தியது, மாவட்டம் பொருந்தியது. நான் யோசிக்கக்கூட இல்லை. திரும்ப வாசித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது.)

2, மறுபடியும்

மூன்றாம் நாள் டியூட்டி பஸ்ஸுக்கு நிற்கையில் பிரைட் செல்வசிங்கிடம் சொன்னான்: "அண்ணே, அது என் சீட்டு."

"நீயா? நீ நம்ம ஆளுல்லாலே!"

"அப்பா கடல்ல காணாமப் போனப்ப, நாலு நாளும் வள்ளத்துல கூட வந்து தேடுனது அந்தக் கட்சிக்காரன் மட்டுந்தான்."

"அன்னைக்கே சொல்லதுக்கு என்ன?"

"நீங்க அவன் மேல பாஞ்சத பாத்து பயந்துட்டேன்."

பிரைட்டுக்கு விசா வாங்கிக் கொடுத்ததே செல்வசிங்தான்.

3

முடிவு. ஓடிப்போய் சோலைமுத்துவின் கையைப் பிடிக்கிறான் என்று எழுதினேன், நம்ப முடியவில்லை. பேசாமல் இருந்துவிடுகிறான் என்று எழுதினேன். நம்ப முடிந்தது, அருவருப்பாக இருந்தது.

இப்போது சோலைமுத்து மெத்தையைச் சுருட்டிப் பிக்கப்பில் ஏற்றிவிட்டான். டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துகிறான். செல்வசிங் வாசலில் நிற்கிறான். அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதுமுன் ஒன்று. அந்தக் கட்சி எது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நீங்கள் ஒரு பெயரை வைத்துக்கொண்டுதானே இதுவரை வாசித்தீர்கள்? யாரைக் கேட்டு வைத்தீர்கள்?